கழுவாமல் தட்டிய ரூபாய்

வெள்ளி ரூபாயை ஆள்காட்டி விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு ரூபாயால் அதன் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் தட்டினால் அது பாடும். நான் சொல்வது ராஜா தலை, ராணி தலை போட்ட அந்தக் காலத்து ரூபாய். கோயில் மணியை அடித்துக் கையை எடுத்த பிறகும் ஒரு இழை ஓசை நிற்குமே, அதுபோல ஒன்று காதில் நிற்கும். கள்ள ரூபாய் பாடாது. "டொக்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். கிழக்குத் தாம்பரத்தில் என் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. ரயில் நிலையத்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும். இதை எழுதவும் எத்தனையோ நாள் ஆயிற்று. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ரூபாயில் இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தைப் படித்துவிட்டு விட்டுவிடுவார்கள். நான் எழுத்தின் ஓரத்தைப் பார்ப்பேன். சர்க்கார் அச்சில் அடித்த ரூபாயில் எழுத்தின் ஓரம் அரிவாள்மணையில் நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி சுத்தமாக நிற்கும். கள்ளத்தனமாக வார்த்து எடுத்ததில் அது குழைந்துபோன சோறு மாதிரி இருக்கும்.

முப்பது வருஷம் நான் தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு நடந்தவள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று என் கால் படாத தெரு இல்லை. பழைய துணி, பழைய பட்டுப்புடவை கொடுத்தால் பாத்திரம் கொடுப்பேன். புடவை எடுத்து வருகிற பெண்கள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு ரூபாயையும் எடுத்து, "இது போவுமா?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் அப்படி வந்த மூன்று ரூபாய்க்கு ஒரு குடமும் இரண்டு டபராவும் கொடுத்தேன். நகை செய்கிற பத்தர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழு இழுத்தார். உள்ளே சிவப்பாகச் செம்பு. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மற்ற இரண்டும் அதே செம்பு.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அந்தக் கள்ள ரூபாய்களில் ஒன்றையும், பத்தரிடமிருந்தே விலைக்கு வாங்கிய நல்ல ரூபாய் இரண்டையும் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். தெருவில் வெயிலுக்கு ஒதுங்கும்போதெல்லாம் அதை இதால் தட்டுவேன், இதை அதால் தட்டுவேன். ஆறு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பிறகு உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கி அதே பையில் போட்டேன். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பின்பக்கம் புலி போட்ட ரூபாய் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் போகிற சமயத்தில் வந்தது. அது அசல் சர்க்கார் ரூபாய்தான், ஆனால் காந்தத்தில் படக்கென்று ஒட்டும், ஏனென்றால் அது வெள்ளியே இல்லை, நிக்கல். அதற்குச் சற்று முன்னால் யுத்த காலத்தில் வந்ததில் பாதிதான் வெள்ளி. அதன் விளிம்புப் பல்வரிசைக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடும், விரலால் தடவினாலே தெரியும். அசல் என்பது வேறு, வெள்ளி என்பது வேறு. இதைச் சொன்னதற்காக என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள் மூன்று பேர்.

ஒருநாள் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு ஆள் துணி விரித்து ராஜா தலை ரூபாய் விற்றுக்கொண்டிருந்தான். வரிசையாகப் பத்து. நான் குனிந்து பார்த்தேன்.

"இன்னாபா, பத்து ராஜாவுக்கும் மூக்கு மேல ஒரே எடத்துல மரு கீது? அல்லாரும் கூடப் பொறந்தவங்களா?"

ஒரே அச்சில் வார்த்தால் அச்சில் இருக்கிற கொப்புளம் எல்லாவற்றிலும் வரத்தானே செய்யும்? சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"யம்மா, போணி ஆவற நேரத்துல பேஜார் பண்ணாதம்மா. நீ போம்மா, போ," என்று கும்பிட்டான். மறுநாள் வேறு பக்கம் போய்விட்டான்.

இவ்வளவு பெயர் வாங்கிய நான்தான் என் மகள் கல்யாணத்தில் அப்படி ஒரு காரியம் செய்தேன்.

என் கடைசி மகள் நர்ஸ். முப்பத்தாறு வயது வரை கல்யாணம் வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் கணக்குப் பார்த்தால் ஒரு ஹோட்டலே நடத்தியிருக்கலாம். அப்புறம் ஒருநாள் டூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "யம்மா, எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவர் இருக்காரில்ல, அவரக் கட்டிக்கலாம்னு பாக்கறேன்," என்றாள். சந்தோஷத்தில் நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீடு ஊரப்பாக்கம். பழைய ஊர்க்காரர்கள். முன்பு நெல் விளைந்த நிலமெல்லாம் இன்றைக்கு மனை. மாப்பிள்ளையின் அப்பா கம்பி, சிமென்ட் கடை வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார், அதில் இரண்டு "ஆமாம்". சம்பந்தியம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். என்னைவிட எட்டு வயது சின்னவள், சத்தத்தில் என்னைவிட இரண்டு பங்கு பெரியவள். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். மருமகளுக்கு மெட்டியைக் கடையில் வாங்க மாட்டார்கள். சம்பந்தியம்மாவின் மாமியார் ஏழு வெள்ளி ரூபாய் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ரூபாயை உருக்கி மெட்டி அடிப்பார்கள். ஆறு போய்விட்டது. கடைசி ரூபாய், வீட்டின் கடைசிப் பையனுக்கு. அதாவது என் மகளின் காலுக்கு.

கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்து அந்த ரூபாயைத் தட்டில் வைத்து சம்பந்தியம்மாவும் அவள் புருஷனும் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பூ, நாலு சாத்துக்குடி, நடுவில் ரூபாய். வெள்ளிக்கிழமை தவறாமல் லட்சுமி என்று பூஜை செய்த ரூபாய். சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்காகப் படிந்து அடைபோல ஏறியிருந்தது. தாடி வைத்த ராஜாவின் முகத்தில் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

ரூபாயைச் சோதிக்கும் முன் நான் எப்போதும் புளி போட்டுக் கழுவுவேன். அதுதான் என் முதல் வேலை. ஆனால் அடுத்த வீட்டு லட்சுமியின் நெற்றிக் குங்குமத்தை நல்ல நாள் அதுவுமாகக் கழுவுவார்களா? யாரும் செய்ய மாட்டார்கள். நானும் செய்யவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கை சும்மா இருக்கவில்லை. தட்டை வாங்கி வைத்தேன், ரூபாயை விரல் நுனியில் எடுத்து வைத்தேன், சுருக்குப்பையிலிருந்து என் ரூபாயை எடுத்துத் தட்டினேன். முப்பது வருஷப் பழக்கம். எப்போது தட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"டொக்."

வாயும் சும்மா இருக்கவில்லை. "இது வெள்ளி இல்லியேம்மா," என்று சொல்லிவிட்டேன்.

மிக்சி ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டில்கூட மிக்சி நின்றது போல இருந்தது.

"இன்னா யக்கா சொன்ன?" என்றாள் சம்பந்தியம்மா.

நான் ரூபாயைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

"வெள்ளி இல்லியா? எங்க மாமியா கள்ளக் காசயா சாமி ரூம்ல வச்சி கும்புட்டுகினு இருந்தாங்க?" புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காலை நீட்டினாள். "பாரு. நல்லாப் பாரு. எங்கால்ல கீறது அந்த ஏழுல ஒண்ணு. ஆறு ரூபா ஆறு பொம்பளைங்க கால்ல கீது. அல்லாம் வெள்ளி. உம்பொண்ணுக்கு எடுத்தாந்தது மட்டும் தகரமா?"

"அப்டி சொல்லல சம்மந்தி..."

"அப்டித்தான் சொன்ன. எங்காதுல வுழுந்திச்சி." ரூபாயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இந்த ரூபால மெட்டி அடிச்சிப் போட்டாத்தான் அவ எம்மருமவ. உனுக்கு இது தகரம்னா, எனுக்கும் ஒண்ணும் அவசரம் இல்ல."

வாசலில் ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. ரூபாய் இல்லாத தட்டில் வெற்றிலையும் பூவும் சாத்துக்குடியும் மட்டும் இருந்தன.

என் மகள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். சாத்துக்குடி ஒன்றை எடுத்து உரித்துக்கொண்டே, "முப்பது வருஷமா ஊர்ல இருக்கற காசயெல்லாம் தட்டின. இன்னைக்கு என் கல்யாணத்தத் தட்டிட்ட," என்றாள். கண் மட்டும் நிறைந்திருந்தது. "அம்மா, இது நின்னா இன்னொரு தடவ பொடவ கட்டிக்கிட்டு யார் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன். நீ எந்தக் காப்பியும் போட வேணாம்."

"போயி வெள்ளிதான்னு சொல்லிடட்டா?"

"சொல்லிடு."

"சொன்னா பத்தர் கடையில மூசைல போட்டு உருக்குவாங்க. கள்ளமா இருந்தா அங்க தெரிஞ்சிப்பூடும். அல்லார் எதிர்லயும் மெட்டி கருத்துப்போயி வந்தா அது உங்கால்லதான் ஏறணும். அது வேணுமா?"

அவள் ஒரு சுளையை என் வாயில் திணித்தாள். புளிப்பு.

மூன்று நாள் யோசித்தேன். கள்ள ரூபாயில் மூக்கு அவ்வளவு கூர்மையாக இருக்காது. விளிம்பைப் பிடித்தபோது பல் வரிசை விரலில் சரியாக உறுத்தியது. அதையெல்லாம் கவனித்த கை, காதில் விழுந்த "டொக்"கை மட்டும் நம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, சுருக்குப்பையில் காந்தத்தையும் கொஞ்சம் புளியையும் போட்டுக்கொண்டு மகளோடு ரயில் ஏறினேன். பெருங்களத்தூர், வண்டலூர், அடுத்தது ஊரப்பாக்கம். மூன்றே ஸ்டேஷன். அன்றைக்கு அது திருச்சி தூரம் இருந்தது.

முன்தினம் பெய்த மழையில் அவர்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். சம்பந்தியம்மா படியில் நின்று பார்த்தாள்.

"இன்னா, மிச்சம் இருக்கற நகைங்களயும் தட்டிப் பாக்க வந்தியா?"

"அந்த ரூபாய ஒரு தடவ கழுவிப் பாக்க வுடு சம்மந்தி. குங்குமம் போனா போவட்டும், நான் பால் ஊத்தி வேற குங்குமம் வைக்கிறேன். நான் தப்புன்னா உங்க தெருவுல நின்னு தப்புன்னு சொல்றேன்."

"தண்ணி வத்தட்டும். இப்ப தெருவுல நின்னா முங்கிப்பூடுவ," என்றாள். வழிவிட்டாள். அவள் குணம் அது.

அவர்கள் கூடத்தில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவருடைய அப்பா அன்றைக்குக் கடை லீவு என்பதால் செய்தித்தாளோடு ஓரமாக இருந்தார். புளியைக் கரைத்து ரூபாயை ஊறவைத்தேன். சந்தனம் செதில் செதிலாக உரிந்து வந்தது. முதலில் தாடி வந்தது, அப்புறம் காது, அப்புறம் கிரீடம். ஒவ்வொரு எழுத்தும் ஓரம் வெட்டினாற்போல நின்றது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். வார்த்தெடுத்த காசில் ஓடுகிற ஒட்டுக்கோடு இல்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐஸ் இருக்கா?" என்றேன்.

மாப்பிள்ளை ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கட்டி எடுத்து வந்தார். அதன் மேல் ரூபாயை வைத்தேன். வெள்ளிக்குச் சூடும் குளிரும் உடனே ஓடும். ரூபாய் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி ஐஸுக்குள் இறங்கியது. எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தியா, பாத்தியா!" என்று சம்பந்தியம்மா தொடையைத் தட்டினாள்.

"இரு சம்மந்தி. செம்பும் இப்டித்தான் எறங்கும். ஐஸ மட்டும் நம்பப்படாது."

"உன்னாண்ட ஒரு காசு பாஸாவறதுக்குள்ள கலெக்டர் பரீட்ச பாஸாயிடலாம்."

"வேணும்னா ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்துடலாம் அத்தை," என்றார் மாப்பிள்ளை. என் மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடி ஐஸ் எடுக்கப் போய்விட்டார்.

துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன். டொக். எழுத்து நல்லது, விளிம்பு நல்லது, காந்தம் நல்லது, ஓசை மட்டும் கெட்டது. அப்படி ஒரு ரூபாயை நான் பார்த்ததே இல்லை. வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ராஜாவின் கிரீடத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி, மிளகு அளவு ஒரு வட்டம். மற்ற இடமெல்லாம் வெள்ளை, அது மட்டும் சாம்பல் நிறம். நகத்தால் கீறினேன். நகம் பதிந்தது. ஈயம்.

ரூபாயோடு கூடத்துக்கு ஓடினேன். "யாரோ இதுல ஓட்ட போட்டு, அப்பறம் ஈயத்த வச்சி அடச்சிகிறாங்க. மணியில துணி சுத்தினா எப்டி அடிக்கும்? அதான் வாய் கட்டினாப்ல கீது. காசு நல்ல காசு! இவ்ளோ பெரிய ஓட்ட எதுக்குப் போடுவாங்க... கொழந்த அரைஞாண்ல கட்டத்தான் போடுவாங்க."

செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு இருமல்.

சம்பந்தியம்மா திரும்பினாள். "நீ இன்னாத்துக்கு இருமற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக் காது செவக்குது?"

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. அறுபத்தெட்டு வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். "அது... என்னுதுதான்," என்றார்.

அப்புறம் அவர் பேசினார். அவர் மனைவியே அத்தனை வார்த்தைகளை ஒன்றாகக் கேட்டதில்லையாம். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இவர் தங்க வேண்டும் என்று அவருடைய அம்மா ஒரு ரூபாயில் ஓட்டை போட்டு அரைஞாணில் கோர்த்துக் கட்டிவிட்டார். ஐந்து வயது வரை அந்த ஒரு ரூபாய்தான் அவருக்கு உடுப்பு. ஒருநாள் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தேன்மிட்டாய் பார்த்தார். கையில் காசு இல்லை, இடுப்பில் இருந்தது.

"கடிச்சி அவுத்துக் குடுத்துட்டேன்," என்றார்.

"எவ்ளோ முட்டாய் குடுத்தான்?" என்றாள் சம்பந்தியம்மா.

"மூணு."

"வெள்ளி ரூபாய்க்கு மூணா? அப்பவே உனுக்கு யாவாரம் வராது!"

அம்மா அவரை இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், கடைக்காரனைத் தெருவே கேட்க ஏசி, ரூபாயை மீட்டு வந்தாராம். இனிமேல் இவன் இடுப்பில் எதுவும் தங்காது என்று சாமி அறையில் வைத்துவிட்டார். ஓட்டை ரூபாயை லட்சுமி என்று வைக்கக் கூடாதே, அதனால் ஈயம் வைத்து அடைத்தார். அடைத்த இடம் தெரியாமல் இருக்க அதன் மேலேயே குங்குமம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஏறிய குங்குமம் அத்தனைக்கும் அதுதான் காரணம்.

"நாப்பத்திரண்டு வருஷம் எங்கூடக் குடும்பம் பண்ணிகினு இத ஒரு வார்த்த சொன்னியா நீ? அன்னைக்கு இவங்க வூட்ல நான் கால தூக்கிக் காட்டி ஆடிகினு கீறேன், நீ செவுத்த பாத்துகினு நின்னியே!"

"பொண்ணு வூட்ல போயி... வருங்கால மருமவ எதிர்ல... என் அரைஞாண் ரூபான்னு எப்டி சொல்றது?"

முதலில் சிரித்தவள் என் மகள்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம் சம்பந்தியம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர் செய்தித்தாளை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கினார். தாள் ஆடியது. அவரும் சிரிக்கிறார்.

நான் எழுந்து நின்றேன். சொன்ன வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "சம்மந்தி, நான் சொன்னது தப்பு. வெள்ளிதான். எங்காது தப்பு பண்ல. கழுவாம தட்டின கைதான் தப்பு பண்ணிச்சி."

"காதோ கையோ, ரெண்டும் உன்னுதுதானே யக்கா?" என்றாள் அவள். "உக்காரு. தோச ஊத்தறேன்."

அடுத்த நல்ல நாளில் தாம்பரத்தில் பத்தர் கடைக்குப் போனோம். ஈயம் கலந்தால் வெள்ளி கெட்டுப்போகும், அதனால் முதலில் அதைத் துளையிட்டு எடுக்கச் சொன்னேன். பத்தர் எடுத்துக் கீழே தட்டப் போனார். மாப்பிள்ளையின் அப்பா கையை நீட்டினார். அந்த மிளகளவு ஈயத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உருக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ," என்று ரூபாயை வாங்கினேன். விரல் நுனியில் வைத்துத் தட்டினேன். முழு ரூபாயின் ஓசை இல்லை. ஓட்டை இருக்கிறதல்லவா, ஜலதோஷம் பிடித்த பெண் பாடுகிற மாதிரி கொஞ்சம் மூக்கால் வந்தது. ஆனால் பாடியது. அந்த இழை நின்றது.

"குடு, நானும் தட்டறேன்," என்று சம்பந்தியம்மா வாங்கினாள். தட்டிய வேகத்தில் ரூபாய் எகிறி, உருண்டு, பத்தரின் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. எழுபதைத் தாண்டிய நானும், அறுபதைத் தாண்டிய அவளும் தரையில் கன்னம் பதியப் படுத்து அளவுகோலால் துழாவினோம். பத்தர் தன் வயசுக்கு இப்படி ஒரு பொன்னுருக்கலைப் பார்த்ததில்லை என்றார்.

எடை போட்டபோது ஓட்டை போன இடத்துக்கும் இத்தனை வருஷத் தேய்மானத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் குறைந்தது. மெட்டி சற்று மெல்லிசாக வரும் என்றார் பத்தர். நான் சுருக்குப்பையை அவிழ்த்தேன். அதில் ஒரு வெள்ளி நாலணா இருந்தது. கூடை சுமந்த காலத்தில், ஒரு பட்டுப்புடவைக்காரி கூடுதலாகக் கொடுத்தது. விற்காமல் வைத்திருந்தேன். அதை மூசையின் பக்கத்தில் வைத்தேன்.

அவர்கள் வீட்டு வழக்கத்தில் வெளி வெள்ளி சேர்ந்ததில்லை. சம்பந்தியம்மா நாலணாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கழுவினியா?" என்றாள்.

"கழுவினேன்."

"அப்ப போடு."

ராஜாவின் தாடி கடைசியாகக் கரைந்தது. இரண்டும் ஒன்றாகி, ஒரு சொட்டுப் பாதரசம் மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது.

தை மாதம் கல்யாணம். அம்மியில் காலை வைத்தபோது மெட்டியை மாட்டத் தெரியாமல் மாப்பிள்ளை திணறினார். "எலும்பா இருந்தா சட்டுனு கண்டுபுடிச்சிருப்பார்," என்றாள் என் மகள், மைக்கில் விழுகிற அளவுக்கு. மண்டபமே சிரித்தது. சம்பந்தியம்மா என் தோளில் அடித்துச் சிரித்தாள்.

இப்போது ஊரப்பாக்கத்தில் யாராவது பழைய ரூபாய் வைத்திருந்தால் எனக்குப் போன் வந்துவிடும். "யக்கா, கழுவித் தொடச்சி வச்சிகீறேன். வந்து தட்டிட்டுப் போ." போன மாதம் அவள் தெருவில் ஒரு வீட்டில் புலி ரூபாயைக் காட்டினார்கள். காந்தத்தில் ஒட்டியதும், சம்பந்தியம்மாவே எனக்கு முன்னால், "அசலு வேற, வெள்ளி வேற!" என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னாள். இனி அவளோடு பேச்சை நிறுத்தப்போகிறவர்கள் எத்தனை பேரோ.

ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு ஷூ. மெட்டிச் சத்தம் வெளியே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தால் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடப்பாள். நான் அடுப்படியில் இருப்பேன். கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். போன வாரமும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் அடுப்படிக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, ஒட்டுக் கேக்கறியா? வெள்ளிதானே?"

"தெருவெல்லாம் நடந்துட்டு வந்துகீற," என்றேன். "போயி காலக் கழுவிட்டு வா. அப்பறம் சொல்றேன்."